மூணு அம்பத்திரெண்டு வரைக்கும் திருவோணம்

இல்ல அலெக்ஸ்ணே, ஒடைக்க வாணாம். ஒடைச்சா சத்தம் கேட்டு எதிர்வூட்டு அம்மா ஓடியாந்துடும். அது ஓடியாந்தா அஞ்சு நிமிஷத்துல என் மச்சானுங்க ரெண்டு பேருக்கும் போன் போயிடும். பொறுமையா அரத்த வச்சு ராவி, சாவி போட்டே தெறந்துடுங்க. ஏழு லீவர் பூட்டுதானே, என்னா பெரிய ரிசர்வ் பேங்கா? நேரம் ஆவட்டும். நான் இப்பிடி குந்திக்கினு பேசிக்கினு இருக்கேன், நீங்க வேலையப் பாருங்க. நடுவுல நடுவுல ம்னு ஒரு சத்தம் மட்டும் குடுங்க. இல்லன்னா எனக்கு ஒரு மாதிரி ஆயிடும். அது ஒரு வியாதி, வுடுங்க.

என்னாது? வூடு யாருதா? நல்ல கேள்வி. அஞ்சு மாசமா எல்லாரும் அதத்தான் கேட்டுக்கினு இருக்காங்க. ஆதார்ல இந்த அட்ரஸ்தான், பாத்துக்குங்க. மணிமாறன், கேர் ஆஃப் சக்கரபாணி. பத்தொம்போது வருஷமா நான் அந்த கேர் ஆஃப்தான். வூட்டோட மாப்ள. பக்கத்துல பிரம்மதேசம் கிராமத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தேன். எல்லாரும் போன்லயே போட்டோ புடிச்சுக்கினு போவ ஆரம்பிச்சானுங்க, நானும் மூடிட்டு வந்துட்டேன். பொண்டாட்டி அருணா விழுப்புரத்துல நர்சு. அவ சம்பாதிக்கிறா, நான் சமைக்கிறேன். சிரிக்காதீங்க, என் காரக்கொழம்பு சாப்பிட்டுட்டு அப்புறம் சிரிங்க.

ஆமா, உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேரக் கூப்ட்டேன். திண்டிவனத்துல சாவி போடறவன் எல்லாம் பயங்கர தைரியசாலிங்க. அடைப்பு ரூமுன்னு சொன்னதும் ஒருத்தன் வண்டிய ஸ்டாண்டு கூட போடல, அப்பிடியே திருப்பிக்கினு போயிட்டான். இன்னொருத்தன் போன்லயே வயித்து வலின்னான். நீங்க வேதக்காரரு, உங்களுக்கு இந்த பேஜாரு கெடையாது.

தெரியாதா? சரி சொல்றேன். மனுஷன் சாவறதுக்கும் நல்ல நேரம் இருக்குதுண்ணே எங்களுக்கு. சில நட்சத்திரத்துல உசுரு போனா அடைப்பு. அவிட்டத்துல போனா ஆறு மாசம் அந்த ரூம மூடிப் போடணும். பொணத்த வாசப்படி வழியா எடுக்கக்கூடாது, சொவத்த இடிச்சு அந்த வழியா எடுக்கணும். இல்லன்னா செத்தவரு வழி கண்டுபுடிச்சுத் திரும்பி வந்து தொணைக்கு இன்னொருத்தரக் கூட்டிக்கினு போவாராம். உயிரோட இருக்கறப்ப பாத்ரூம் போறதுக்கே நான் கையப் புடிச்சுக்கினு போவணும் எங்க மாமனாரு சக்கரபாணிக்கு. செத்ததும் சொவத்துல ஓட்டை போட்டு ஏமாத்தினாத்தான் வழி தெரியாதாம்.

அவரு யாருன்னு நெனைக்கிறீங்க? சர்வேயரு. இந்த மயிலம், வானூரு, திருவக்கரை பக்கமெல்லாம் இருவது முப்பது வருஷம் சங்கிலி புடிச்சு அளந்தவரு. சுத்துப்பட்டு பங்காளிச் சண்டை பூரா அவரு கால்ல மிதிச்சுப் பாத்தது. கருப்புச் சட்டை வேற. சாமி கெடையாது, பேய் கெடையாது, பங்காளி மட்டும்தான் உண்டும்பாரு. புள்ளைங்களுக்கு புகழேந்தி, வல்லரசுன்னு பேரு வச்சாரு. பெரியவன் தாம்பரத்துல இருக்கான், கையில அஞ்சு கலர்ல கயிறு கட்டியிருக்கான். சின்னவன் பாண்டிச்சேரியில இருக்கான், வெரலு நாலு, மோதரம் ஆறு. பகுத்தறிவு அப்பிடி ஓடுது ரத்தத்துல.

ம் சொல்லுங்கண்ணே.

ஆங். மாமாவுக்கு சக்கரை வந்து ரெண்டு கண்ணும் போயிடுச்சு, ஆறு வருஷமாச்சு. பகல் பூரா அவரும் நானும்தான். என்னா பண்றது ரெண்டு ஆம்பளைங்க வூட்டுல? அவருக்கு படம்னா உசுரு. ஆனா தமிழ் பேய்ப்படம் ஆவாது, கடைசியில நெஜமாவே பேய் வந்துடுதுன்னு கோவம். அப்பதான் ஒரு நாளு போன்ல இந்த இங்கிலீசு படம் மாட்டுச்சு. கறுப்பு வெள்ளை. எம்பது தொண்ணூறு வருஷத்துப் படமாம், சும்மாவே கெடக்குது, எவனும் சீந்தறதில்ல. அதுல பேயி மாதிரி வரும், சிரிப்பும் வரும், கடைசியில பேயே இல்லன்னு ஆயிடும். மாமா அப்பிடியே ஒட்டிக்கினாரு.

எல்லாம் ஒரே கதைதாண்ணே. ஊருக்கு வெளிய ஒரு பெரிய பங்களா. மழை. அந்த நாட்டுல வெயிலே அடிக்காது போல. கார் ரிப்பேர் ஆவும். பைபாஸ்ல பஞ்சர் கடை முன்னாடி ஆவாது, கரெக்டா அந்த பங்களா வாசல்லதான் ஆவும். உள்ள ஒரு பணக்காரக் கெழவன் செத்திருப்பான். அவன் உயில வக்கீலு படிப்பான். பகல்ல ஆபீஸ்ல வச்சுப் படிக்கலாமே? மாட்டான். நடுராத்திரி, மெழுகுவத்திய வச்சுக்கினுதான் படிப்பான். நம்ம வக்கீலுங்க கோர்ட்டு நேரத்துக்கே வர்றதில்ல.

சொவத்துல மாட்டியிருக்கற படத்துல கண்ணு மட்டும் நகரும். பொஸ்தக அலமாரிய தட்டினா கதவு மாதிரி திரும்பும், உள்ளேர்ந்து ஒரு கை வரும். பொம்பள கத்தும். நாலு ஆம்பளைங்க ஓடியாந்து பாப்பானுங்க, கை இருக்காது. ஒடனே, சரி எல்லாரும் தனித்தனியா போயித் தேடலாம்பானுங்க. தனித்தனியாவாம்! கூட ஒரு கொரில்லா வேற. எந்த வூட்டுலய்யா கொரில்லா வளப்பான்னு மாமா கேட்டாரு. சர்க்கஸ்லேர்ந்து தப்பிச்சு வந்துச்சுன்னு சொல்லிட்டேன். எனக்கு எங்க தெரியும்? இங்கிலீசு நமக்கு அரைகொறை. கீழ எழுத்து ஓடும், நாலு வார்த்தை எழுத்துக்கூட்டறதுக்குள்ள மாறிடும். மீதிய நானே ஒப்பேத்துவேன்.

ஆனா அந்தாளு கெட்டிக்காரரு. கதை கேக்கறப்ப வரிக்கு வரி ம் கொட்டுவாரு. நான் பீலா வுட்டா கண்டுபுடிச்சுடுவாரு, ஒடனே ம்ம நிறுத்திடுவாரு. திட்ட மாட்டாரு, மூஞ்சத் திருப்பிக்கினு கம்முனு இருப்பாரு. அதான் தண்டனை. அப்புறம் நான் கெஞ்சி, கதைய இன்னும் கொஞ்சம் இழுத்து, கொரலெல்லாம் மாத்திப் பேசி, பொம்பள மாதிரி கத்திக் காட்டினாத்தான் திரும்ப ம் வரும். அதோட ராத்திரி தூக்கம் வராதப்ப கேக்கணும்னு, நான் சொல்ற கதையெல்லாம் அவரு போன்லயே பதிவு பண்ணச் சொல்வாரு. தலகாணி பக்கத்துல வச்சுக்கினு கேப்பாரு. ரெண்டு மணிக்கு என் கொரலக் கேட்டு நானே பயந்து எழுந்திருக்கேன்.

கடைசியில முகமூடியக் கழட்டுவாங்கண்ணே எல்லாப் படத்துலயும். அதுக்கு முன்னாடியே மாமா சொல்லிடுவாரு, கழட்டிப் பாருய்யா, உள்ள பங்காளி இருப்பான்னு. பாதி தடவை கரெக்டா இருக்கும். மீதி தடவை, எவன் மேல சந்தேகமே வராதோ அவன் இருப்பான். தட்டுல காப்பி எடுத்துக்கினு பணிவா வருவான் பாருங்க, அவன்.

என்னா, மாட்டிக்கிச்சா? எண்ணெ வுடுங்க. மழைத்தண்ணி போயி துருப்புடிச்சிருக்கும்.

அந்த மழையிலதான் செத்தாரு. கார்த்திகையில புயல் வந்துதே, ஊரே மெதந்துதே, அன்னிக்கு. கரண்ட் காலையிலயே போச்சு. பகல் மூணு மணிக்கு வூட்டுக்குள்ள இருட்டு. காத்துல தென்னை மரம் பேயாட்டம் ஆடுது. அப்பிடியே அந்தப் படம் மாதிரியே இருக்குதுன்னேன். அப்ப படம் போடுன்னாரு. மல்லாட்டை வேகவச்சிருந்தேன், கடலைய தட்டுல வச்சுக்கினு, பொண்ணோட டேப்ல படத்தப் போட்டு சொல்ல ஆரம்பிச்சேன். நாலரைக்குப் பாத்தா மனுஷன் போயிட்டாரு. சாய்வு நாற்காலியில ஒக்காந்தபடியே.

ரோடு பூரா தண்ணி. அருணா டூட்டியில மாட்டிக்கினா, மறுநாள்தான் வர முடிஞ்சுது. வந்து அழக்கூட இல்ல, என் சட்டையப் புடிச்சு ஒண்ணே ஒண்ணு கேட்டா. அப்பா போறப்ப நீ கூட இருந்தியான்னா. இருந்தேன், கையப் புடிச்சுக்கினு இருந்தேன், நாலரை மணிக்கு தூங்கற மாதிரி போயிட்டாருன்னேன். அதுக்கப்புறம்தான் அழுதா. இன்னிக்கு வரைக்கும் யாரு வந்து கேட்டாலும் அதத்தான் சொல்றா. நான் இல்லன்னா என்னா, எங்க வூட்டுக்காரரு கையப் புடிச்சுக்கினு இருந்தாருன்னு.

அப்புறம் வந்தானுங்க பகுத்தறிவு வாரிசுங்க. வந்ததும் ஜோசியருக்கு போன். எத்தினி மணிக்குப் போனாரு? நாலரை. ஜோசியரு பஞ்சாங்கத்தப் பொரட்டி, மூணு அம்பத்திரெண்டு வரைக்கும் திருவோணம், அதுக்குள்ள போயிருந்தா ஒண்ணுமே இல்ல, நாலரைன்னா அவிட்டம், ஆறு மாசம் அடைப்புன்னுட்டாரு. கடப்பாறைய எடுத்தானுங்க. கருப்புச் சட்டை போட்ட மனுஷன பின்சொவத்துல ஓட்டை போட்டு எடுத்தோம். நல்லவேளை சனிக்கிழமையில்ல, இருந்திருந்தா பாடையில ஒரு கோழியயும் கட்டியிருப்பானுங்க.

இருங்க, காமெடி இனிமேதான் இருக்குது. பால் தெளிச்ச அன்னிக்கு சாயங்காலம், ஆறரை இருக்கும். கரண்ட் இன்னும் வரல. ரூமு பூட்டியாச்சு, இடிச்ச எடத்துல செங்கல்ல அடுக்கி சும்மா பூசி வச்சிருக்காரு கொத்தனாரு, ஈரம் காயல. நானும் புகழேந்தி மச்சானும் இதோ இந்தக் கூடத்துல ஒக்காந்திருக்கோம். பூட்டின ரூமுக்குள்ளேர்ந்து சலங்கு சலங்குனு சங்கிலி சத்தம். அடேயப்பா, அந்த மச்சான் மூஞ்சியப் பாக்கணுமே! அப்பா வந்துட்டாரு, சங்கிலிய இழுத்துக்கினு வந்துட்டாருன்னு அப்பிடியே கேப்பை மூட்டை மேல சாஞ்சாரு.

எனக்கு படம் பாத்த அனுபவம் இருக்குதுல்ல? நேரா வூட்டுக்குப் பின்னாடி போனேன். சொவத்துல ரெண்டு காலு நீட்டிக்கினு இருக்குது. வல்லரசு! மூணு பேரும் ஒண்ணா தெறக்கணும்னு பேசியிருந்த பீரோவ இவன் முன்னாடியே தெறந்து பத்திரத்தப் பாத்துடலாம்னு, செங்கல்ல உருவிட்டு உள்ள பூந்திருக்கான். வவுறு மாட்டிக்கிச்சு. இருட்டுல கைய நீட்டித் துழாவினதுல மாமாவோட பழைய அளவுச் சங்கிலி ஆணியோட கழண்டு கீழ வுழுந்திருக்குது. காலப் புடிச்சு இழுத்துப் போட்டேன். மாமா உசுரோட இருந்திருந்தா எப்பிடி சிரிச்சிருப்பாரு தெரியுமா? முகமூடி கூட போடாத பங்காளி.

யாருகிட்டயும் சொல்லாத மாமான்னு வல்லரசு என் கால்ல வுழுந்தான். பத்தொம்போது வருஷத்துல மொதல் தடவையா அந்த வூட்டுல ஒருத்தன் என் கால்ல வுழறான். சரின்னுட்டேன். அதனால என்னா ஆச்சு? சங்கிலி சத்தம் பேயாவே ஆயிடுச்சு. கொத்தனார வரவச்சு சிமெண்டுல பூசினாங்க, சாவிய பெரிய மச்சான் எடுத்துக்கினாரு. அடைப்பு முடியற வரைக்கும் வூட்டுல யாரும் குடியிருக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்கள ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல வாடகை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க.

எனக்கு எங்க இருந்தா என்னாண்ணே. அருணா பொறந்த வூடு இது. நெலத்த நீங்க எடுத்துக்குங்க, எனக்கு வூடு மட்டும் போதும்னு அண்ணன் தம்பிகிட்ட முன்னாடியே கேட்டிருந்தா, அவனுங்களும் சரின்னுதான் இருந்தானுங்க. இப்ப அவளே வாணாங்கிறா. இந்த வூடு இன்னொரு உசுரக் கேக்கும்னு மனசுல பதிஞ்சு போச்சு. பொண்ணு கலைப்பிரியாவுக்கு ஜொரம் வந்துது போன மாசம், சாதா ஜொரம். நர்சு அவ, ஊருக்கெல்லாம் ஊசி போடறவ, ராத்திரி பூரா தூங்கல. விடிஞ்சதும் திருவக்கரை அம்மன் கோயிலுக்கு ஓடி எலுமிச்சம்பழத்தோட நிக்கிறா. வித்துடலாம், இடிச்சுப் போடட்டும், எம் பொண்ணு நல்லா இருந்தா போதுங்கிறா. பிளாட்டு போடற ஆளு ஒருத்தன் தயாரா நிக்கிறான். நாளன்னிக்கு வெள்ளிக்கிழமை ரெஜிஸ்தரு.

தெறந்துடுச்சா? அட, கில்லாடிண்ணே நீங்க!

தள்ளுங்க, தும்மல் வரும். தோ பாத்தீங்களா, அதான் நாற்காலி. கீழ கெடக்குதே, அதான் பேயி, மிதிச்சுடாதீங்க. பத்திரமா? எனக்கெதுக்கு பத்திரம். பீரோ மேல பாருங்க, நீங்க கொஞ்சம் ஒசரம். ஒரு போன் இருக்கும். ஆங், அதான். மாமாவோடது. தொலைஞ்சு போச்சுன்னு அருணாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ரூம பூட்டறப்ப எடுத்திருக்கலாம். எடுக்கல. பூட்டட்டும்னு பாத்துக்கினே நின்னேன்.

உங்க பையில சார்ஜரு பேங்கு இருக்குதுல்ல, கொஞ்சம் சொருவுங்க. வரட்டும், வரட்டும். பழைய போனு, மெதுவாத்தான் முழிக்கும்.

தோ, கடைசி பதிவு. தேதி போட்டுருக்குது, மூணு பத்துக்கு ஆரம்பம். போடுங்க. என் கொரல் எவ்ளோ கேவலமா இருக்குது பாருங்க. பின்னாடி கொர்ருனு கேக்குதே, மழை. அது மல்லாட்டை உரிக்கிற சத்தம்.

ம். கேட்டீங்களா? அதான் மாமா.

கொஞ்சம் தள்ளி வைங்க. முப்பதாவது நிமிஷம். வக்கீலு உயில படிக்கிறான். ம். இன்னும் தள்ளுங்க. முப்பத்தாறு. அலமாரிகிட்ட அந்தப் பொண்ணு போவுது. ம். முப்பத்தெட்டு, அலமாரி திரும்புது. ம். இப்ப கை வருது, நான் பொம்பள மாதிரி கத்தறேன் பாருங்க.

இனிமே வராதுண்ணே. எவ்ளோ கேட்டாலும் வராது.

மூணு பத்தும் முப்பத்தெட்டும் எவ்ளோ? மூணு நாப்பத்தெட்டு. திருவோணம்தான். நாலு நிமிஷம் பாக்கி இருக்குது. அடைப்பும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இந்த வூடு எந்த உசுரயும் கேக்கல.

நாலரையா? அது படம் முடிஞ்ச நேரம். ம் நின்னதும் நான் என்னா நெனச்சேன்னா, பீலாவக் கண்டுபுடிச்சுட்டாரு, கோச்சுக்கினாருன்னு நெனச்சேன். அதான் இப்பிடி கத்தறேன், கேளுங்க, கொரில்லா மாதிரியெல்லாம் ஒறுமறேன். நாப்பத்திரெண்டு நிமிஷம். ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கலாம். இருட்டு, படம் ஓடுது, பாக்கல. படம் முடிஞ்சு, மாமா இன்னும் கோவமான்னு கேட்டு கையத் தொட்டா சில்லுனு இருக்குது. அப்பதான் கையப் புடிச்சேன். அருணாகிட்ட சொன்னதுல பொய்யி அவ்ளோதான், நேரத்த மட்டும் மாத்திக்கினேன்.

அவ பன்னெண்டு மணி பஸ்ஸுல எறங்கறா. நான்தான் வரச் சொன்னேன். வாசல் தாண்டி உள்ள வர மாட்டா, வாசல்லயே ஒக்கார வச்சு இத்தப் போட்டுக் காட்டணும். வூடு அவளுக்குக் கெடைச்சுடும், பயமும் போயிடும். வூட்டோட மாப்ளைக்கு வூடு இருக்குதா இல்லியான்னு அதுக்கப்புறம்தான் தெரியும்.

இல்ல, நிறுத்தாதீங்க, ஓடட்டும். முகமூடியக் கழட்டற எடம் வரப்போவுது. மாமா கேக்காத எடம். ஒக்காருங்கண்ணே. ம் கொட்டுங்க.